பழனி மலையில் பழைய கற்களைத் தேடி: ஐந்து நாள் நிதானப் பயணத்துக்கு ஒரு வழிகாட்டி

கொடைக்கானல் என்றதும் ஏரி, படகு, தூண் பாறை என்று பட்டியல் போட்டுக்கொண்டு கிளம்புகிறவர்கள்தான் அதிகம். அந்த ஏரி 1863இல் உருவாக்கப்பட்டது. 1845இல் அமெரிக்க மிஷனரிகள் வந்து வீடு கட்டிய பிறகுதான் அந்த நகரமே எழுந்தது. பூம்பாறை, வில்பட்டி, பண்ணைக்காடு, தாண்டிக்குடி எல்லாம் அதற்கு வெகுகாலம் முன்பே மனிதர்கள் உழுது, கும்பிட்டு, இறந்தவர்களை அடக்கம் செய்து வாழ்ந்த ஊர்கள். இந்த ஊர்களெல்லாம் இருக்கும் பழனி மலைத்தொடரின் உண்மையான வயது ஏரிக்கரையில் தெரியாது. அடிவாரத்திலும் மலையின் ஓரங்களிலும் தெரியும். அந்த ஓரங்களை மட்டும் காரில் சுற்றி வருவதற்கான வழி இது. பழனியில் தொடங்கி, மலையேறி, கிழக்குப் பக்கம் தாண்டிக்குடி வழியாக வத்தலக்குண்டில் இறங்குகிறோம். ஐந்து நாள், நான்கு இரவு. ஒரு நாளைக்கு இரண்டு இடத்துக்கு மேல் வேண்டாம். பழைய கல்லைப் பார்க்கக் கண் பழகுவதற்கே அரைமணி நேரம் ஆகும். அவசரமாகப் போனால் எல்லாமே வெறும் பாறையாகத்தான் தெரியும்.

எப்போது கிளம்பலாம்

தை பாதி கழிந்ததிலிருந்து பங்குனித் தொடக்கம் வரை மிக நல்ல காலம். வானம் தெளிவாக இருக்கும், மலைப்பாதை காய்ந்திருக்கும், காட்டுப்பக்கம் அட்டைத் தொல்லை குறைவு. ஆனால் தைப்பூசத்தையும் பங்குனி உத்திரத்தையும் ஒட்டிய நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். அந்த நாட்களில் பழனிக்கு வரும் எல்லாச் சாலைகளிலும் பாதயாத்திரை பக்தர்கள் இரவு பகலாக நடந்து வருவார்கள். அவர்களுக்கு நடுவே நாம் கார் ஓட்டிக்கொண்டு போவது அவர்களுக்கும் ஆபத்து, நமக்கும் நிம்மதி இல்லை. சித்திரை, வைகாசியில் மலைமேல் கூட்டம் நெரியும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இந்த மலையின் கிழக்குச் சரிவில் நேராக வந்து மோதும். மண்சரிவும் மரம் விழுவதும் அப்போது வழக்கம். நாம் இறங்கப்போகிற பாதை அந்தச் சரிவில்தான் இருக்கிறது.

வண்டியும் பையும்

பெரிய வண்டி தேவையில்லை. சிறிய காரே போதும், தோட்டப்பாதைகளில் திருப்பவும் எளிது. பிரேக், டயர், குளிரூட்டி நீர் மூன்றையும் கிளம்பும் முன் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

கொடைக்கானலுக்குப் போகும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே மாதம் முதல் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் கட்டாயம். அரசின் இணையதளத்தில் செல்பேசி எண்ணைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். கோடை மாதங்களில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று வரம்பும் வைக்கிறார்கள். அதனால் தேதி முடிவானதும் எடுத்துவிடுவது நல்லது. பாஸைச் செல்பேசியில் படமாகச் சேமித்து வையுங்கள், சோதனைச் சாவடியில் சிக்னலுக்காகக் காத்திருக்க வேண்டாம். சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு மலையில் தடை இருக்கிறது. ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டிலும், காரில் ஒரு பெரிய கேனும் இருந்தால் போதும்.

அப்புறம் சில்லறைச் சாமான்கள்: செல்பேசியில் இறக்கி வைத்த வரைபடம், ரொக்கப் பணம், நல்ல டார்ச், பிடிமானம் உள்ள காலணி, தொப்பி, ஒரு ஸ்வெட்டர். வளைவுகளில் குமட்டல் வருகிறவர்கள் ஏறுவதற்கு முன் வயிறு நிறையச் சாப்பிடாமல் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. டார்ச்சை மறக்காதீர்கள். இருட்டில் நடக்க மட்டுமல்ல, பகலில் கல்வெட்டு படிக்கவும் அது வேண்டும். ஏன் என்று ஐவர்மலையில் சொல்கிறேன்.

முதல் நாள்: பழனி

மதியம்போல் பழனி வந்து அறை எடுங்கள். இந்த ஊரின் பழைய பெயர்களில் ஒன்று பொதினி. மயிலுக்குப் போர்வை கொடுத்த வையாவிக் கோப்பெரும் பேகன் ஆண்ட நாடு இது. சங்கப் பாடல் சொல்லும் நெடுவேள் ஆவியும் இதே குடியைச் சேர்ந்தவன்தான். அடிவாரத்தில் இருக்கும் திருஆவினன்குடி கோயிலைத் திருமுருகாற்றுப்படை மூன்றாம் படைவீடாகச் சொல்கிறது. மலைக்கோயிலுக்குப் போக விரும்பினால் படி 693. விஞ்ச்சும் ரோப்காரும் உண்டு, ஆனால் பராமரிப்புக்காக ரோப்காரை நிறுத்தும் நாட்கள் இருக்கும். செல்பேசியை மேலே கொண்டுபோக அனுமதி இல்லை. அடிவாரத்தில் ஒப்படைக்க இடம் இருக்கிறது, அல்லது அறையிலேயே வைத்துவிட்டுப் போகலாம்.

மாலையில் சண்முகநதிக் கரையில் இருக்கும் பெரியாவுடையார் கோயிலுக்குப் போங்கள். மலைக்கோயில் கூட்டத்தில் பாதிகூட இங்கே வராது. கல் கோயிலைப் படிக்கப் பழகுவதற்கு இப்படிப்பட்ட அமைதியான இடம்தான் தோது. நேரே சன்னதிக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, அப்புறம் வெளியே வந்து கருவறைச் சுவரைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். தரையை ஒட்டி இருக்கும் அடுக்குகள் அதிட்டானம். அதற்கு மேல் சுவரும் அரைத்தூண்களும். தூணின் தலையில் கைநீட்டி உத்தரத்தைத் தாங்குவது போதிகை. எந்தக் கோயிலுக்குப் போனாலும் காலத்தை ஊகிக்க நான் முதலில் பார்ப்பது போதிகையைத்தான். அலை அலையாகச் சுருண்டிருந்தால் பழைய பாணி. சரிவாக வெட்டி, நடுவில் ஒரு துண்டு முன்னே நீட்டிக்கொண்டிருந்தால் சோழர் காலத்தில் பரவிய பாணி. கீழே பூமொட்டு தொங்கினால் விஜயநகர, நாயக்கர் காலத்துக்கு வந்துவிட்டோம். ஒரே கோயிலில் இவற்றில் இரண்டு இருந்தால் பின்னால் வந்தவர்கள் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள் என்று பொருள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் தமிழ்நாட்டில் எந்தக் கோயிலுக்குள்ளும் நீங்கள் வேறு மாதிரி நடப்பீர்கள்.

இரண்டாம் நாள்: ஐவர்மலை

விடியற்காலை கிளம்புங்கள். பழனியிலிருந்து கொழுமம் போகும் சாலையில், பாப்பம்பட்டிக்கு அருகே தனியாக நிற்கும் குன்று ஐவர்மலை. பாண்டவர் ஐவரும் திரௌபதியும் வனவாசத்தில் தங்கிய இடம் என்பது ஊர்க்கதை. திரௌபதிக்கு இங்கே கோயிலும் இருக்கிறது. காரைக் கீழே நிழலில் விட்டுவிட்டுத் தண்ணீரோடு ஏறுங்கள். வெயில் ஏறினால் பாறை கொதிக்கும். பத்து மணிக்குள் பார்த்து இறங்கிவிடுவது போல் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பாறை கூரைபோல் முன்னே நீண்டு, அதன் கீழே இயற்கையான ஒரு நீளக் குகைத்தளம் இருக்கிறது. அந்தக் கூரைப்பாறையின் நெற்றியில் வரிசையாகச் சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள், மொத்தம் பதினாறு. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாக மழையும் காற்றும் பட்டதில் சில முகங்கள் தேய்ந்துவிட்டன. ஆனாலும் அடையாளம் காணலாம். தலைக்கு மேல் அடுக்காக முக்குடை இருக்கிறதா என்று பாருங்கள். தலைக்குப் பின்னால் பாம்பு படமெடுத்திருந்தால் அவர் பார்சுவநாதர். இருபுறமும் சாமரம் வீசுகிறவர்கள் நிற்பதையும் காணலாம்.

சிற்பங்களை ஒட்டி, வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து முறையில் வெட்டிய கல்வெட்டுகள் உண்டு. அவற்றில் ஒன்று தமிழக வரலாற்றையே ஓரிடத்தில் ஆணியடித்து நிறுத்தியது. பாண்டியன் வரகுணனின் எட்டாம் ஆட்சியாண்டு என்பதோடு சக ஆண்டு 792 என்றும் அதில் வெட்டியிருக்கிறார்கள். அதாவது கி.பி. 870. அக்காலத்துக் கல்வெட்டுகள் பெரும்பாலும் அரசனின் ஆட்சியாண்டை மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடும். அதை வைத்து அவன் எப்போது பட்டத்துக்கு வந்தான் என்று சொல்ல முடியாது. இங்கே இரண்டும் சேர்ந்து வருவதால் வரகுணன் 862இல் அரியணை ஏறினான் என்று கணக்கிட முடிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மற்றப் பாண்டியர்களின் காலத்தையும் வரிசைப்படுத்தினார்கள். கல்வெட்டு சொல்லும் செய்தி எளிமையானது. குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர், திருவயிரை மலையில், அதாவது இதே குன்றில், இருந்த பார்சுவ படாரரின் (பார்சுவநாதரின்) திருமேனியையும் சமணப் பெண் தெய்வங்களான இயக்கியரின் திருமேனியையும் புதுப்பித்து, வழிபாட்டுக்கும் ஓர் அடியவரின் உணவுக்கும் 505 காணம் பொன் வைத்தார். புதுப்பித்தார் என்றால் அவருக்கு முன்பே அவை இங்கே இருந்தன. அந்த வரியின் கீழே நிற்கும்போது 870கூட இந்த இடத்தின் தொடக்கம் இல்லை என்பது உறைக்கும்.

டார்ச்சை இப்போது எடுங்கள். தேய்ந்த எழுத்தை நேராக வெளிச்சம் அடித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. விளக்கைப் பாறையோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் ஒவ்வொரு வெட்டிலும் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். இதற்காகச் சுண்ணாம்பு, மாவு, எண்ணெய் எதையும் தயவுசெய்து தடவாதீர்கள். எண்ணெய் தூசியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், சுண்ணாம்புக் கட்டி தேய்க்கும்போதே பாறையின் மேல்தோலைக் கொண்டுபோகும். ஆயிரம் ஆண்டு தாங்கியதை நாம் ஒரு காலையில் அழித்துவிடலாம். சிற்பங்களுக்குப் பக்கத்தில் பெயரைக் கிறுக்குகிறவர்களைக் கண்டால் மரியாதையாகவே தடுத்துப் பேசுங்கள்.

திரும்பும்போது நேரம் இருந்தால் பாலசமுத்திரம் பக்கம் பாலாறு பொருந்தலாறு அணை வரை போகலாம். அதை ஒட்டிய பொருந்தல் கிராமத்தில் புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் 2009, 2010இல் அகழாய்வு நடந்தது. ஒரு கல்லறையில் நெல் நிறைந்த நான்குகால் ஜாடி கிடைத்தது. அந்த நெல்லைக் காலக்கணிப்புக்கு அனுப்பியபோது கி.மு. 490 என்று வந்தது. அதே கல்லறையில் பழந்தமிழ் எழுத்தான தமிழ்-பிராமி பொறித்த, ஜாடி வைக்கும் தாங்கியும் கிடைத்ததால், தமிழ் எழுத்தின் பழமை பற்றிய பேச்சில் பொருந்தலின் பெயர் தவறாமல் வருகிறது. அங்கே இன்று பார்ப்பதற்கென்று கட்டடமோ பலகையோ எதிர்பார்க்காதீர்கள். வயலும் மலையடிவாரமும்தான். அதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது.

மலையேற்றம்

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பழனியில் எரிபொருளை நிரப்பிவிட்டு மலையேறத் தொடங்குங்கள். பழனியிலிருந்து கொடைக்கானல் ஏறத்தாழ 64 கிலோமீட்டர். சவரிக்காடு, வடகவுஞ்சி வழியாகப் போய்ப் பெருமாள்மலையில் வத்தலக்குண்டுச் சாலையோடு சேரும். புதிதாக மலைப்பாதையில் ஓட்டுகிறவர்கள் மூன்று விஷயங்களை மனதில் வைத்தால் போதும். ஏறி வரும் வண்டிக்கே முதல் வழி. கொண்டை ஊசி வளைவில் ஹாரன் அடித்து, உங்கள் பக்கத்திலேயே திரும்புங்கள். இறங்கும்போது எந்த கியரில் ஏறியிருப்பீர்களோ அதே கியரில் இறங்குங்கள், நியூட்ரலில் உருட்டவே கூடாது. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். கருகல் வாடை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். பின்னால் அவசரமாக ஒருவர் வந்தால் ஒதுங்கி வழிவிடுங்கள், உங்களுக்கு எந்த அவசரமும் இல்லை.

அன்றிரவு பெருமாள்மலையிலோ செண்பகனூரிலோ தங்குங்கள். கொடைக்கானல் நகருக்குள் போகத் தேவையில்லை. இருட்டிய பிறகு இந்தப் பக்கம் சாலையில் காட்டுமாடு நிற்பது சாதாரணம். நிறுத்தி, விளக்கைத் தாழ்த்தி, ஹாரன் அடிக்காமல் காத்திருந்தால் அதுவே போய்விடும். படம் எடுக்கக் கதவைத் திறந்து இறங்க வேண்டாம்.

மூன்றாம் நாள்: கல்திட்டைகள்

இந்தப் பயணத்தின் மையம் இதுதான். பேத்துப்பாறை, பெருமாள்மலை, அடுக்கம், பண்ணைக்காடு, தாண்டிக்குடி என்று இந்த மலையின் கீழ்ப்பகுதி முழுவதும் கல்திட்டைகள் சிதறிக் கிடக்கின்றன. செண்பகனூரில் இருந்த சேசுசபைத் துறவி ஆங்லேட் காடுமேடெல்லாம் நடந்து இவற்றைத் தேடி அளந்தார். அவரும் நியூட்டன் என்ற இன்னொருவரும் சேர்ந்து எழுதிய ஆய்வை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. இன்றும் இந்த மலையைப் பற்றித் தேடுகிறவர்கள் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

வழி கேட்கும்போது கல்திட்டை என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். "அண்ணே, இந்தப் பக்கம் குள்ளர் குகை எங்க இருக்கு?" என்று கேளுங்கள், உடனே கை காட்டுவார்கள். குள்ள மனிதர்கள் வாழ்ந்த வீடு, பாண்டவர் வீடு என்று கதைகள் உண்டு. உண்மையில் இவை இரும்புக் காலத்து மக்கள் தங்கள் இறந்தோருக்காக எழுப்பிய நினைவிடங்கள், 2000 ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. குழந்தைகள் சீட்டுக்கட்டில் வீடு கட்டுவதுபோல மூன்று பக்கம் பலகைக்கல்லை நிறுத்தி, மேலே ஒரு பெரிய மூடுகல். சுண்ணாம்பும் இல்லை, சாந்தும் இல்லை, எடை ஒன்றே பிடித்து நிறுத்துகிறது. சிலவற்றில் ஒரு பக்கக் கல்லில் வட்டமான துளை இருக்கும், அதை இடுதுளை என்பார்கள். பல அறைகள் வரிசையாக நின்று, சுற்றிலும் செவ்வகமாகக் கல் அடுக்கிய மதிலும் இருந்தால் அது பழனி மலைக்கே உரிய அழகான அமைப்பு. மதில் சரிந்திருந்தாலும் அதன் கல் வரிசையைக் கண்ணால் தொடர்ந்து பாருங்கள், முழு அமைப்பும் பிடிபடும்.

சமவெளியில் இதே காலத்து மக்கள் மண்ணைத் தோண்டித் தாழி புதைத்தார்கள், நிலத்துக்குள் கற்பலகைகளால் பெட்டிபோல் கற்பதுக்கை அமைத்தார்கள். இங்கே பல இடங்களில் வெறும் பாறைத்தளம், தோண்ட மண் இல்லை. அதனால் தரைக்கு மேலேயே அறை கட்டினார்கள். கல்திட்டை நிற்கும் இடத்தில் காலால் தரையைத் தட்டிப் பாருங்கள், காரணம் விளங்கிவிடும். திரும்பி நின்று சுற்றிலும் பாருங்கள். பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும் ஓர் இடத்தையே பெரும்பாலும் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

இவற்றில் பல தனியார் காப்பித் தோட்டங்களுக்குள் இருக்கின்றன. "ஐயா, கல்லைப் பார்த்துட்டுப் போயிடறோம்" என்று தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். உள்ளூர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்து அவருக்குக் கூலி கொடுப்பது இன்னும் நல்லது. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். 2013 முதல் இந்த மலையின் பெரும்பகுதி வனவிலங்குச் சரணாலயம். மூடுகல்லின்மேல் ஏறிப் படம் எடுக்க வேண்டாம். சாந்து இல்லாத கட்டுமானம் என்பதால் ஒரு பக்கம் அழுத்தினாலே நிறுத்துகல் நகரும். புதையல் என்று நினைத்துத் தோண்டியவர்களாலும், தோட்டம் போட நிலம் திருத்தியவர்களாலும் ஏற்கெனவே நிறைய போய்விட்டன. மிச்சம் இருப்பதைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. ஒரு சிறு பானை ஓட்டைக்கூட எடுத்துப் பைக்குள் போடாதீர்கள். கிடந்த இடத்தில் கிடந்தால்தான் அது நாளைய ஆய்வாளரிடம் பேசும்.

மதியத்துக்கு மேல் செண்பகனூர் அருங்காட்சியகம். 1895இல் தொடங்கியது. பாடம் செய்த விலங்குகளையும் ஆர்க்கிட் செடிகளையும் பார்க்கத்தான் பலர் வருகிறார்கள். நீங்கள் தொல்பொருள் பகுதியில் நில்லுங்கள். காலையில் கல்லை மட்டும் பார்த்தோம், இங்கே இந்த மலையில் கிடைத்த பழம்பொருட்களைப் பார்க்கலாம். இந்த வரிசையை மாற்றாதீர்கள் என்பது என் கருத்து. முதலில் இடத்தைப் பார்த்துவிட்டு வந்தால்தான் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொருளுக்கு ஒரு ஊர் கிடைக்கிறது. திறந்திருக்கும் நேரத்தைத் தங்குமிடத்தில் கேட்டுக்கொண்டு போங்கள்.

நான்காம் நாள்: பூம்பாறை

கொடைக்கானல் நகரத்தை விடிகாலையிலேயே கடந்துவிட்டால் நெரிசல் இல்லை. அங்கிருந்து மேற்கே இருபது கிலோமீட்டருக்குள் பூம்பாறை. சாலையின் மேலிருந்து படிப்படியான வயல்களும் நடுவே நெருக்கமான ஊரும் தெரியும். குழந்தை வேலப்பர் கோயில் இந்த ஊரின் உயிர். மூலவரைச் சித்தர் போகர் நவபாஷாணத்தில் செய்தார் என்பது மக்கள் நம்பிக்கை. பழனியிலும் இதே நம்பிக்கை என்பதால் நம் பயணத்தின் இரண்டு முனைகளும் இங்கே தொட்டுக்கொள்கின்றன. கோயிலைப் பார்த்த பிறகு ஊர்த் தெருவில் மலைப்பூண்டு வாங்குங்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. சிறிதாக இருந்தாலும் காரம் அதிகம், காற்றாட வைத்தால் பல மாதம் கெடாது.

மதியம் திரும்பிப் பெருமாள்மலை தாண்டி, ஊத்து என்ற ஊர்ப் பக்கம் பிரியும் சாலையில் பண்ணைக்காட்டுக்கு இறங்குங்கள். அன்றிரவு பண்ணைக்காடு அல்லது தாண்டிக்குடியில் தோட்ட வீடுகளில் தங்கலாம். முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். நான்கு நாள்தான் விடுமுறை என்பவர்கள் பூம்பாறையை விட்டுவிடலாம், ஐவர்மலையையும் கல்திட்டையையும் விடாதீர்கள்.

ஐந்தாம் நாள்: தாண்டிக்குடி, அப்புறம் இறக்கம்

காப்பி, மிளகு, மலைவாழை எல்லாம் ஒன்றோடொன்று கலந்து வளரும் ஊர் தாண்டிக்குடி. முருகன் இங்கிருந்து ஒரே தாவாகப் பழனிக்குத் தாண்டினார் என்பார்கள். காலையில் மலைமேல் இருக்கும் பாலமுருகன் கோயிலுக்குப் போய் வாருங்கள். ஊரைச் சுற்றிலும் கல்திட்டையும் கல்வட்டமும் உண்டு. கா. ராஜன் குழுவினர் இங்கேயும் அகழாய்வு செய்து ஈமச்சின்னங்களை ஆராய்ந்திருக்கிறார்கள். மலையில் விளைந்த மிளகும் ஏலமும் சமவெளிக்கு இறங்கிய வழி ஒன்றின் தலைமாட்டில் இந்த ஊர் இருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால், இவ்வளவு உயரத்தில் இவ்வளவு நினைவிடங்கள் ஏன் என்ற கேள்விக்கு ஒரு விடை கிடைக்கும்.

இங்கே ஒரு சீப்பு மலைவாழை வாங்குங்கள். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பெயர்போன விருப்பாச்சி இந்த மலைகளில்தான் விளைகிறது. பழத்தில் ஈரம் குறைவு என்பதால்தான் பஞ்சாமிர்தம் தண்ணீர் சேர்க்காமலே குழைந்து, நாள்பட இருக்கிறது. தோட்டத்திலேயே வறுத்து அரைத்த காப்பித்தூள் கிடைத்தால் அதையும் விடாதீர்கள்.

பத்து மணிக்கு இறங்கத் தொடங்கினால் போதும். மங்களம்கொம்பு, தடியன்குடிசை, பெரும்பாறை, சித்தரேவு, அய்யம்பாளையம், பட்டிவீரன்பட்டி என்று வழி. சாலை குறுகல், வளைவுகள் நெருக்கம், நடுவில் பெட்ரோல் பங்க்கை நம்ப வேண்டாம். பெரும்பாறைப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு, அதனால் இந்த இறக்கத்தைப் பகலில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எங்காவது யானை வந்திருப்பதாக எதிரே வருகிற பஸ் டிரைவர் கையசைத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், அவர்களுக்குத்தான் இந்தப் பாதை அத்துப்படி. அய்யம்பாளையம் வந்ததும் தென்னந்தோப்புகள் தொடங்கும், காற்று சூடாகும், காதடைப்பு விடும். வத்தலக்குண்டில் மதியச் சாப்பாடு. அங்கிருந்து மதுரை, திண்டுக்கல், தேனி எந்தப் பக்கமும் நல்ல சாலை. ரயிலில் வந்து வாடகைக் கார் எடுத்தவர்கள் கொடைரோடு நிலையத்துக்கு மாலைக்குள் போய்விடலாம்.